சுவரில் இல்லாத சாவிகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கே வரிசை மருந்துக்கடையைத் தொட்டுவிடும். எட்டு மணிக்கு மூலை திரும்பி, முடிதிருத்தும் கடையைத் தாண்டிப் போகும். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாவி. சிலர் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். சிலர் கைக்குட்டையில் சுற்றி, அடிபட்ட குருவியைப் போலப் பிடித்திருந்தார்கள். எல்லாம் விற்காத வீடுகளின் சாவிகள்.

"உங்க வீடு எத்தனை மாசமா நிக்குது?"

"பதினாலு."

"யாரு?"

"மாமனார். உங்களுக்கு?"

"ரெண்டு பேரு. பெரியம்மாவும் சித்தப்பாவும். அதான் இழுக்குது."

இப்படித்தான் அங்கே பேச்சு நடக்கும். ஆஸ்பத்திரி வாசலில் சர்க்கரை அளவை விசாரிப்பது போல விசாரித்துக்கொள்வார்கள்.

வரிசை போய் முடிகிற இடம் ஒரு பெரிய கூடம். முன்பு கட்டில், அலமாரி விற்று நொடித்துப்போன கடை. அதில்தான் சாவி ஐயா உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டடத்தை நான்கு வருடமாக விற்க முடியாமல்தான் அதன் சொந்தக்காரர் அவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தாலும் பயன் இல்லை. வரிசையில் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள்.

சாவி ஐயாவின் கொள்கை எளிமையானது. ஒரு வீடு விற்கவில்லை என்றால் செத்துப்போன யாரோ அதை விட்டுப் போகாமல் இருக்கிறார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் 'தங்கல்'. வாங்க வருகிறவர் வாசற்படியில் கால் வைத்ததும் தங்கல் அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அவர் "யோசிச்சு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். யாருமே சாகாத வீடு என்றால்? கட்டிய கொத்தனார் செத்திருப்பார். கொத்தனாரும் உயிரோடு இருக்கிறார் என்றால்? அவருடைய அப்பா. சாவி ஐயாவிடம் செத்தவர்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

தங்கல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் உண்டு. வீட்டுச் சாவியை வாங்கி உள்ளங்கையில் படுக்க வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் சாவி தானாகப் புரளும். புரண்டால் தங்கல் உண்டு. புரளாத சாவியை நான் பார்த்ததில்லை. பார்த்தவர் யாரையும் சந்தித்ததும் இல்லை.

கூடத்தின் பின்சுவர் முழுக்க ஆணிகள். ஆணிக்கு ஒரு சாவி. எல்லாம் அவரால் விற்றுப்போன வீடுகளின் சாவிகள். வீடு கைமாறியதும் பழைய சொந்தக்காரர் மாற்றுச்சாவி ஒன்றைக் கொண்டுவந்து நன்றியோடு மாட்ட வேண்டும். நான் முதல்முறை போனபோது முந்நூற்றுப் பன்னிரண்டு தொங்கின. பலகையில் எண்ணிக்கையும் எழுதியிருந்தது. வாங்கியவர்களுக்குத் தங்கள் வாசற்சாவி ஒரு பொதுச்சுவரில் தொங்குவது தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அச்சகத்தில் இருபத்தாறு வருடம் பிழை திருத்தியவள் நான். வரிசையில் நின்றதும் கண் மங்கிவிட்டது.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில். என் முழங்கால் இரண்டும் மாடிக்கு எதிராகக் கட்சி சேர்ந்துவிட்டன. என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, நகரின் மறுமுனையில் இருக்கிறாள். அவள் பக்கத்து வீடு காலியாக இருந்தது. இரண்டே அறை, படியே இல்லை. அதன் சொந்தக்காரம்மா இரண்டு மாதம் எனக்காகக் காத்திருக்கச் சம்மதித்திருந்தார். அதற்குள் என் வீடு விற்க வேண்டும். ஏழு மாதமாகப் பலகை தொங்கியது. ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"ஒருத்தர்கூடப் போன் பண்ணலக்கா," என்பார் தரகர். பலகையில் இருந்தது அவருடைய எண். எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவரே போட்டுக்கொண்டது. "வீட்ல ஏதோ இருக்கு. நான் சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. சாவி ஐயாகிட்ட ஒரு தடவ காட்டிருங்களேன்."

வெளியூரில் இருக்கிற என் மகன், போனில் இதைச் சொன்னதும் அன்றே கிளம்பி வந்துவிட்டான். அப்பாவின் சோதனை முடிவுகளை வாங்க வா என்றபோது அவனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. இதற்குக் கிடைத்தது.

சாவி ஐயாவுக்குத் தாடி இல்லை, மாலை இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. வங்கி மேலாளர் மாதிரி இருந்தார். அதனாலேயே படித்தவர்கள் அதிகம் வந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு தையற்காரர் ஒலிவாங்கி முன் நின்றுகொண்டிருந்தார். அளவு நாடா இன்னும் கழுத்தில் கிடந்தது. அவருடைய வீட்டில் தங்கியிருந்தது அவருடைய அம்மா.

"சத்தமாச் சொல்லுங்க. கேக்கணும்ல," என்றார் சாவி ஐயா.

தையற்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இது உன் வீடு இல்ல. போ."

"இன்னும் ரெண்டு தடவை. கோபமா."

அவர் கோபமாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

பிறகு என் சாவி அவருடைய உள்ளங்கைக்குப் போனது. புரண்டது.

"வீட்டுக்காரரு," என்றார்.

"ஆமா."

"அந்த வீட்லதான் உயிர் போயிருக்கு."

"இல்லீங்க ஐயா," என்றான் மகன். "ஆஸ்பத்திரில. ரத்தப் பரிசோதனைக்கு வரிசைல நின்னுட்டிருந்தாரு."

சாவி ஐயா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உடம்பு அங்க. ஆள் இங்க. மாடிப்படில நிக்கறாரு. ஒரு கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு."

எங்கள் மாடிப்படியில் ஒரு கம்பி உண்டு. ஒரு பழைய லிஃப்டைக் கழற்றியபோது அதன் உள்ளே இருந்த எஃகுக் கைப்பிடியைக் கேட்டு வாங்கி வந்து, என் முழங்காலுக்காகச் சுவரில் பதித்தார். அதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடம் நான் நம்பினேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். நம்பினேன் என்பதைவிட, ஆசைப்பட்டேன்.

"எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"எப்படி இருந்தா என்னம்மா? வெளிய அனுப்பணும்."

முறைகளை அவர் உதவியாளர் அச்சடித்த தாளில் கொடுத்தார். ஒன்பது நாள் காலையில் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைக்க வேண்டும். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். பாதிச் சாமான்களை அப்புறப்படுத்த வேண்டும். சொட்டுகிற குழாய் இருக்கக் கூடாது. சொட்டச் சொட்டத் தங்கல் வளரும். விலையில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். அது செத்தவரின் பங்கு. செத்தவர்களுக்கு விருப்பமான எல்லாமே வாங்க வருகிறவர்களுக்கும் விருப்பமாக இருக்கின்றன என்பதை அன்று நான் கவனித்தேன். தற்செயலாக இருக்கலாம்.

எனக்கு மட்டும் சாவி ஐயா தன் பேனாவால் இரண்டு கூடுதலாக எழுதினார். கைப்பிடிக் கம்பியைப் பிடுங்கி எறிய வேண்டும். இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஒலிவாங்கி முன் நின்று, கணவரை மூன்று தடவை வெளியே போகச் சொல்ல வேண்டும். காணிக்கையைப் பற்றி உதவியாளர் தனியாகப் பேசினார். அதை எழுதி என்ன ஆகப்போகிறது? உங்களால் ஊகிக்க முடிகிற தொகையைவிட அதிகம்.

"அம்மா, மூணே தடவ," என்றான் மகன் வழியெல்லாம். "அப்பா தப்பா நெனச்சுக்க மாட்டாரு."

"உயிரோட இருந்தப்ப நான் அவரப் போன்னு சொன்னதில்லடா."

"அதனாலதாம்மா போகாம இருக்காரு."

என் மகன் கணக்குப் பாடத்தில் எப்போதும் நூறு வாங்குவான்.

கம்பியைக் கழற்றத் துளைக்கும் இயந்திரத்தோடு ஒரு ஆளையும் மகன் ஏற்பாடு செய்துவிட்டு ஊருக்குப் போனான். ஆள் மறுநாள் வந்தார். தட்டிப் பார்த்தார். "இதக் கழட்டுனா சுவரு சேந்து வருங்க. போட்டவரு யாரோ தெரிஞ்சு போட்டிருக்காரு," என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று மாலை நாத்தனாருக்குப் போன் செய்தேன். இரவே கிளம்பி வந்துவிட்டாள்.

அவள் லாரிகளை எடைபோடும் மேடையில் முப்பது வருடமாக வேலை செய்கிறாள். வெறும் வண்டியை எடைபோடும்போது ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருப்பார். சரக்கோடு எடைபோடும்போது இறங்கிவிடுவார். இப்படி நாற்பது வகைத் தந்திரம் அவளுக்குத் தெரியும். எதையும் ஒரு தடவை எடைபோட்டு நம்புகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் முதலில் சொன்னது இதுதான்: "எங்கண்ணன் எட்டு மாசமா ஒரே எடத்துல நிக்கறானாமா? சாப்பாட்டு மேசைல பத்து நிமிஷம் உக்கார மாட்டான்!"

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். எட்டு மாதத்தில் முதல்முறை.

"அந்தச் சாவியக் குடுங்க அண்ணி."

உள்ளங்கையில் படுக்க வைத்தாள். தலைப்பக்கம் விரல்களுக்கு வெளியே தொங்கியது. கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, நான் சொல்லிக் கேட்ட சாவி ஐயா மாதிரியே மூச்சு விட்டாள். சாவி புரண்டது.

"கைய ஒரு நூல் சாச்சாப் போதும். தல கனம், தானா உருளும்." பிறகு சாவியைச் சமையலறை மேசையில் வைத்தாள். "இப்ப உருளச் சொல்லுங்க. எங்கண்ணன நானும் கூப்பிடறேன். அண்ணே, உருட்டு!"

சாவி அசையவில்லை. என் கணவர் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளும் இல்லைதான்.

"சுவத்துல முந்நூறு சாவி தொங்குதேம்மா," என்றேன்.

"விக்காத வீட்டுச் சாவியெல்லாம் எங்க தொங்குது?"

"வரிசைல நிக்கறவங்க கழுத்துல."

"அதுக்கு ஏன் பலகைல எண்ணிக்கை எழுதல?"

இருபத்தாறு வருடம் பிழை திருத்தியவளிடம் எடைமேடைக்காரி கேட்ட கேள்வி. அச்சில் வந்ததைத்தான் நான் திருத்துவேன். விட்டுப்போன பக்கத்தை யார் திருத்துவது? ஆனால் அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. சுவரில் தொங்கிய சாவிகளில் எல்லாம் ஒரே மாதிரிப் பச்சை அட்டை கட்டியிருந்தது. என் சாவியிலும் அதே அட்டை. கட்டியவர் தரகர்.

"ஆக, எல்லா வண்டியும் ஒரே மேடைல ஏறுது," என்றாள் அவள். "போன் வந்துச்சா இல்லையான்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கம்பி இருக்குதுன்னும் அவனுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அளந்துட்டுப் போனவன்தானே?"

"ஊகம்தானேம்மா."

"ஊகம்தான். மேடை சரியா காட்டுதான்னு தெரியணும்னா என்ன பண்ணுவோம் தெரியுமா? நமக்கு எடை தெரிஞ்ச ஒண்ண ஏத்திப் பாப்போம். அண்ணி, நாம ஒரு ஆள உண்டாக்குவோம்."

உண்டாக்கினோம். காகிதமும் பென்சிலும் என்னுடையவை. ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர். இடது கால் சற்று நொண்டல். வலது காது கேட்காது. இரண்டு பெண்கள்; இரட்டையர். நாற்பது புறா வளர்க்கிறார். அதனால் மொட்டை மாடி அவசியம். சொன்ன விலைக்கே வாங்கிக்கொள்வார். "புறா நாப்பது ரொம்ப அதிகமாத் தெரியல?" என்று நான் கேட்டேன். "ஆசப்படறவனுக்கு எதுவும் அதிகமாத் தெரியாது," என்றாள்.

புதன்கிழமை காலை, அவளுடைய மேடைக்கு வருகிற லாரி ஓட்டுநர் ஒருவர் அங்கிருந்தே தரகருக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் அவருக்கு. தரகர் ஒவ்வொரு விவரத்தையும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டாராம். "நாப்பது என்ன சார், நூறு புறா வெக்கலாம் அந்த மாடில. ஆனா இந்த ஞாயித்துக்கிழமை தாண்டட்டும். அதுக்கு அடுத்த வாரம் காட்டறேன்," என்றாராம்.

அரைமணி நேரம் கழித்து நான் தரகரை அழைத்தேன்.

"யாராவது கேட்டாங்களா தம்பி?"

"ஒரு ஈ காக்கா கேக்கலக்கா. ஐயா சொன்னதச் செஞ்சிருங்க. ஞாயித்துக்கிழம மறக்காதீங்க."

அந்தக் காகிதத்தை ஓர் உறையில் போட்டு ஒட்டி, மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்தேன். ஒட்டிய இடத்தின் மேல் தேதி போட்டு, கடை முத்திரை குத்தி வைத்துக்கொள்ளச் சொன்னேன். வரிசைக்குத் தலைவலி மாத்திரை விற்றே அவர் அந்த வருடம் கடையை விரிவாக்கியிருந்தார். சாவி ஐயாமேல் அவருக்கு மிகுந்த மரியாதை. அதனால்தான் அவரிடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. என் மகன் முன்வரிசையில் இருந்தான். "கம்பியக் கழட்டியாச்சாம்மா?" என்றான். "சுவரு சேந்து வருமாம்," என்றேன். அவன் பெருமூச்சு விட்டான். தரகர் சுவரோரம், போன் விவரம் குறிக்கும் நோட்டு துருத்திய தோள்பையோடு நின்றார். நாத்தனார் கடைசி வரிசையில், பக்கத்தில் லாரி ஓட்டுநர். பலகையில் முந்நூற்றுப் பதின்மூன்று.

சாவி ஐயா என் சாவியைக் கையில் வாங்கினார். அன்று அவர் முகத்தில் தனி மலர்ச்சி.

"பிடிவாதக்காரர். கம்பிய விடமாட்டேங்கறார்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ஆனா இந்த அம்மா இன்னைக்கு வாயத் தொறந்து போன்னு சொல்லிட்டா, ஒம்பது நாள்ல வாங்கறவர் வருவார். எனக்கு இப்பவே தெரியறார்."

கூட்டம் முன்னால் நெருங்கியது.

"நடந்து வரார். ஒரு கால இழுத்து இழுத்து நடக்கறார். இடது கால். தண்ணில காலம் கழிச்சவர். கூப்பிட்டாத் திரும்பல... ஒரு காது கேக்காது போல. பின்னால ரெண்டு பொண்ணுங்க. முகம் ஒண்ணு மாதிரியே இருக்கு. அப்புறம்..." கையை உயர்த்தினார். "எறக்கைச் சத்தம் கேக்குது. நிறைய எறக்கை. புறா!"

யாரோ விம்மினார்கள். என் மகனின் கண்ணில் நீர்.

"நாப்பது புறா," என்றார் சாவி ஐயா. எண்ணிக்கையைக்கூட விடவில்லை. "இப்பச் சொல்லுங்கம்மா. சத்தமா."

ஒலிவாங்கி என் வாயருகே வந்தது. என்னால் சத்தமாகப் பேச முடியாது. ஆனால் கூடத்தில் சத்தமே இல்லை.

"மருந்துக்கடைக்காரர் இருக்காரா? புதன்கிழம நான் குடுத்த உறையப் பிரிச்சுப் படிங்க."

அவர் எழுந்தார். முத்திரையைக் காட்டினார். தாம் குத்தியதுதான் என்றார். பிரித்தார். நல்ல அச்சுபோன்ற கையெழுத்து என்னுடையது, தடங்கலில்லாமல் படித்தார். இடது கால். வலது காது. இரட்டையர். நாற்பது புறா. படித்து முடித்ததும் பரவசத்தோடு கத்தினார்: "அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கு!"

கூட்டம் கைதட்டியது. ஒரு பெண்மணி என் காலைத் தொட வந்தார்.

மனிதர்கள் யோசிக்காமலிருக்க எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்பதை அன்று அளந்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலங்க," என்றேன். "அப்படி ஒரு ஆளே கெடையாது. நாங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுல உக்காந்து எழுதுனது."

லாரி ஓட்டுநர் கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். "நான்தாங்க அந்த ஆளு. ரெண்டு காதும் கேக்கும். பொண்ணுங்க இல்ல, ஒரு பையன். புறா இல்ல, லாரிதான் இருக்கு." இடைவழியில் முன்னும் பின்னும் நடந்து காட்டினார். "காலும் நல்லாத்தான் இருக்கு. புதன்கிழம காலைல தரகருக்கு மட்டும்தான் போன்ல சொன்னேன். அந்தா நிக்கறாரே, அவருக்கு."

எல்லோரும் சுவரோரம் திரும்பினார்கள். தரகர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

சாவி ஐயா அசரவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "தங்கல் என்னை ஏமாத்திருச்சு," என்றார். "உங்க புருஷன் பொய் சொல்றார்மா. இப்பப் புரியுதா எவ்வளவு பொல்லாத தங்கல்னு?"

"எங்கண்ணனுக்குப் பொய் சொல்ல வராது," என்றாள் நாத்தனார். "பள்ளிக்கூடத்துல அதுக்கே அடி வாங்குவான். அது கெடக்கட்டும். ஒம்பது நாள் கழிச்சு வரப்போறவன் தெரியுது, பொறக்கவே பொறக்காதவன்னு தெரியலயா? சரி, அந்தச் சாவிய மேசைல வெச்சு உருட்டுங்க. கையில வேண்டாம். மேசைல."

சாவி ஐயா சாவியைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். இரண்டும் அவர் வைத்திருந்தவைதான். இரண்டையும் சேர்த்து வைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் தையற்காரர் எழுந்தார். தன் மாற்றுச்சாவியை மாட்ட வந்திருந்தார், வீடு விற்றுவிட்டது. பலகையில் அந்த முந்நூற்றுப் பதின்மூன்றாவது அவருடையது; சாவி மட்டும் இன்னும் சுவருக்குப் போகாமல் அவர் கையில் இருந்தது. தரகரிடம் போய்க் கையை நீட்டினார். "அந்த நோட்டக் குடுங்க."

தரகர் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். யார் போன் செய்தார்கள், எந்தத் தேதியில், என்ன விலை சொன்னார்கள். ஒழுங்கான நோட்டு, ஒரு பிழை இல்லை. தையற்காரர் தன் பக்கத்தைக் கண்டுபிடித்தார். நாடாவால் அளப்பதுபோல விரலை வைத்து மெதுவாகப் படித்தார். அவர் வீட்டை வாங்கியவர் முதலில் போன் செய்த தேதி, அவர் இதே ஒலிவாங்கி முன் நின்ற நாளுக்குப் பத்தொன்பது நாள் முன்னால் இருந்தது.

"அப்ப எங்கம்மா அங்க இல்லையா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"இல்லப்பா," என்றாள் நாத்தனார்.

"நான் சொன்னது அவங்களுக்குக் கேட்டிருக்காதுல்ல?"

"கேட்டிருக்காது."

அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு அந்தக் கூடத்தில் எழுந்த சத்தம் போல நான் கேட்டதில்லை. எல்லோரும் தங்கள் பக்கத்தைத் தேடினார்கள். என் பக்கத்தில், லாரி ஓட்டுநரைக் கழித்து, ஏழு பேர். ஏழு மாதத்தில் ஒரு ஈ காக்கா கேட்காத வீட்டை ஏழு பேர் கேட்டிருந்தார்கள். அதில் நான்கு பேர் விலை கூடுதல் என்று சொல்லியிருந்தார்கள். அதையாவது சொல்லியிருக்கலாம்.

சாவி ஐயா பின்கதவுப் பக்கம் போனார். அது பூட்டியிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு சாவிகள் சுவரில் தொங்கின. ஒன்றும் அந்தக் கதவுக்குச் சேரவில்லை.

காவலர்கள் வந்து இருவரையும் அழைத்துப் போனார்கள். வீட்டுக்குள் வந்ததும் மகன் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "அப்பாவுக்கு நான் லீவு போட்டிருக்கணும்மா," என்றான். தோளைத் தட்டினேன்.

மறுநாள் பலகையில் என் எண்ணை எழுதினேன். விலையைக் கொஞ்சம் குறைத்தேன். செத்தவரின் பங்காக அல்ல, நோட்டில் நான்கு பேர் சொன்னதற்காக. குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மாடிப்படியில் எட்டு மாதமாக எரியாத விளக்கை மாற்றினேன். அதை மாற்றுகிற ஆள் போய்விட்டார் என்பதால் எரியாமலே விட்டிருந்தேன். ஐந்தாவது வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். கூடவே அந்தப் பெண்ணின் அப்பா. சமீபத்தில் எங்கோ விழுந்தவர். மகளும் மருமகனும் ஈரம், வெளிச்சம், தண்ணீர் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் யாருடைய கையும் பிடிக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். உச்சியில் நின்று கீழே பார்த்தார்.

"யாரும்மா போட்டது இது?"

"என் வீட்டுக்காரர்."

"நல்லாப் போட்டிருக்காரு."

அந்த வீடு அப்போதே விற்றுவிட்டது. பத்திரம் எழுதியது மூன்று வாரம் கழித்து. இரண்டு சாவிகளையும் அவர்களிடமே கொடுத்தேன். நாத்தனாரின் பக்கத்து வீடு எனக்காக, சொன்ன தவணைக்கு மேல் பதினொரு நாள் காத்திருந்தது. இப்போது அங்கேதான் இருக்கிறேன். படி இல்லை. சில நாள் காலையில் கை தானாகச் சுவரைத் தேடும்.

போன வாரம் மருந்து வாங்கப் பழைய தெருவுக்குப் போனேன். வரிசை மறுபடி மருந்துக்கடையைத் தொட்டிருந்தது. அதே கூடம், புதிய ஆள். வேலை கிடைக்காதவர்களின் செருப்பை முகர்ந்து பார்த்துக் காரணம் சொல்கிறாராம். கையில் செருப்போடு நின்றவர்களில் நாலைந்து பேரை எனக்கு அடையாளம் தெரிந்தது. போன தடவை கழுத்தில் சாவியோடு நின்றவர்கள். பின்சுவரில், வேலை கிடைத்தவர்களின் செருப்புகள் வரிசையாகத் தொங்குகின்றனவாம்.

வரிசையில் நிற்பது அவரவர் விருப்பம். நின்றுகொண்டு சும்மாதானே இருக்கிறீர்கள்? சுவரில் தொங்காததை எல்லாம் எண்ணிப் பாருங்கள். உங்கள் கையில் இருப்பதிலிருந்து தொடங்கலாம்.